இயந்திரம் சொல்வது என்ன? ஒரே அதிர்வுக்கு இரண்டு படங்கள்!

ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் வயதான பிட்டர் ஒருவர் நிற்கிறார். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையைப் பேரிங் கூட்டின் மீது ஊன்றுகிறார். அதன் பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்கிறார். கண்ணை மூடுகிறார். அரை நிமிடம் கழித்து, "இது இன்னும் ஒரு மாதம் தாங்காது" என்கிறார்.

லால்பாக், பரேல் பகுதிகளில் நூற்பாலைகள் ஓடிய காலத்தில் இது அன்றாடக் காட்சி. 1982 ஜனவரியில் தொடங்கிய பெரும் வேலை நிறுத்தத்துக்குப் பின் அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆனால் இந்தக் காது வைத்தியம் மூடப்படவில்லை. தானே–பேலாப்பூர் சாலையிலும், தலோஜாவிலும், அம்பர்நாத்திலும் இன்றும் அது நடக்கிறது. கூடவே ஒரு கருவியும் வந்து சேர்ந்திருக்கிறது. காந்தம் பொருத்திய சிறிய உணரி ஒன்று பேரிங் கூட்டில் 'டப்' என்று ஒட்டிக்கொள்கிறது. கையிலுள்ள பெட்டியின் திரையில் படம் விழுகிறது.

ஒரு படம் அல்ல, இரண்டு படங்கள்! இரண்டும் ஒரே அதிர்விலிருந்து பிறந்தவை. ஆனாலும் சில நேரங்களில் ஒன்று "ஆபத்தில்லை" என்கிறது. மற்றது "நிறுத்து" என்கிறது.

எதை நம்புவது?

பிளாட்பாரக் கூட்டமும் டிக்கெட் கணக்கும்

முதல் படத்துக்கு அலைப்படம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இடமிருந்து வலமாக நேரம் ஓடுகிறது. மேலும் கீழுமாக அதிர்வு ஏறி இறங்குகிறது. டாக்டர் எடுக்கும் இ.சி.ஜி. போன்றதுதான். எந்த வினாடியில் என்ன நடந்ததோ, அது அந்த இடத்தில் அப்படியே பதிவாகும்.

இரண்டாவது படம் ஸ்பெக்ட்ரம். இதில் நேரம் என்பதே கிடையாது. வினாடிக்கு 24 முறை வரும் அதிர்வு எவ்வளவு, 48 முறை வருவது எவ்வளவு, 100 முறை வருவது எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு நிற்கும். கோடு உயரமாக இருந்தால் அந்த அதிர்வு அதிகம் என்று பொருள். வினாடிக்கு ஒரு முறை என்பதை ஒரு ஹெர்ட்ஸ் என்கிறார்கள்.

தாதர் ஸ்டேஷனை நினைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். நாள் முழுவதும் எந்த ஊருக்கு எத்தனை டிக்கெட் விற்றது என்பது ஒரு கணக்கு. காலை 9 மணிக்குப் பிளாட்பாரத்தை எடுத்த படம் இன்னொன்று. டிக்கெட் கணக்கைப் பார்த்தால் யார் யார் எங்கே போகிறார்கள் என்று தெரியும். ஆனால் அந்த 9 மணி நெரிசலில் ஒருவர் தண்டவாளத்தில் விழப் பார்த்தார் என்பது கணக்கில் வராது. படத்தில் நெரிசல் தெரியும். அதில் நிற்பவர் தானேக்குப் போகிறாரா, கல்யாணுக்குப் போகிறாரா என்பது தெரியாது.

ஸ்பெக்ட்ரம் என்பது டிக்கெட் கணக்கு. அலைப்படம் என்பது பிளாட்பாரப் படம்.

பிரெஞ்சுக்காரர் போட்ட அடித்தளம்

எவ்வளவு சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டலாகப் பிரித்துவிடலாம் என்று சொன்னவர் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் பூரியே. 1807-ல் பாரிசு அறிஞர் சபையில் இதை முன்வைத்தார். 1822-ல் நூலாக வெளியிட்டார். அவர் ஆராய்ந்தது இயந்திர அதிர்வை அல்ல. உலோகத்தில் வெப்பம் பரவுவதை!

வழி தெரிந்தது. ஆனால் கணக்குப் போட்டு மாளவில்லை. 1,024 அளவுகள் கொண்ட ஒரு பதிவைப் பிரிக்க 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெருக்கல்கள் தேவை. 1965-ல் அமெரிக்கர்களான கூலியும் டியூக்கியும் ஒரு குறுக்கு வழியை வெளியிட்டார்கள். அதே வேலை சுமார் 10 ஆயிரம் பெருக்கல்களில் முடிந்தது. எப்.எப்.டி. என்று பொறியாளர்கள் பேச்சுவாக்கில் சொல்வது இதைத்தான். ரஷ்யாவில் பூமிக்கடியில் அணுகுண்டு வெடித்தால் நில அதிர்வைக் கொண்டு கண்டுபிடிக்க முடியுமா என்ற விவாதம்தான் இந்தக் கணக்குக்குத் தூண்டுதல். அணுகுண்டைத் தேடப் போன கணக்கு, பம்ப் செட்டின் பேரிங்கைக் காப்பாற்ற வந்துவிட்டது.

அதன் பிறகு ஸ்பெக்ட்ரத்துக்கு நல்ல காலம். கருவி வந்தது, பயிற்சி வந்தது. "ஸ்பெக்ட்ரம் இருக்கும்போது அந்தக் கிறுக்கல் படம் எதற்கு?" என்று அலைப்படத்தை ஒதுக்கும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. வில்லங்கம் இங்கேதான்.

நரோராவில் நடந்தது

அதிர்வு என்றால் ஏதோ சத்தம், தொந்தரவு என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு சம்பவம்.

உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் நரோரா அணு மின் நிலையம் உள்ளது. 1993 மார்ச் 31-ந் தேதி அதிகாலை. முதல் யூனிட்டின் நீராவி டர்பைனில், கடைசி வரிசையில் இருந்த 2 தகடுகள் முறிந்து பறந்தன. நாள்பட்ட உலோகக் களைப்பே காரணம். தகடு போனதும் டர்பைன் சமநிலை இழந்து உதறியது. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் வாயுவின் குழாய்கள் அந்த உதறலில் உடைந்தன. வாயு தீப்பற்றியது. தீ மின் கேபிள்களுக்குத் தாவியது. கட்டுப்பாட்டு அறையில் புகை சூழ்ந்தது. சுமார் 17 மணி நேரம் அந்த நிலையமே மின்சாரம் இல்லாமல் கிடந்தது.

பணியில் இருந்தவர்கள் அணு உலையை உடனே நிறுத்திவிட்டார்கள். பிறகு கை விளக்கு வெளிச்சத்தில் மேலே ஏறி, அணுப் பிளவை அடக்கும் போரான் கரைசலைத் தங்கள் கையாலேயே திறந்துவிட்டார்கள். கதிர்வீச்சால் யாருக்கும் தீங்கு நேரவில்லை. அந்த ஊழியர்களின் பெயர்கள் பெரிதாகப் பேசப்படவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

சமநிலை போன தண்டுக்கு இத்தனை வெறி எங்கிருந்து வருகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மையத்திலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு கிலோ எடை கூடுதலாக இருக்கிறது. தண்டு நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது. அந்த ஒரு கிலோ, பேரிங்கை இழுக்கும் விசை சுமார் 10 டன்! அதுவும் வினாடிக்கு 50 முறை, சுற்றிச் சுற்றி.

நரோராவில் தகடு முறிந்த பிறகு படம் பார்க்க நேரமே இல்லை. முறிவுக்கு முந்திய நாட்களும் வாரங்களும்தான் அதிர்வு ஆய்வாளரின் களம். அப்போது கிடைக்கும் தடயம் மிகச் சிறியதாக இருக்கும். எந்தப் படத்தில் அது தெரியும் என்பதுதான் பிரச்னை.

ஸ்பெக்ட்ரம் ஜெயிக்கும் இடம்

ஸ்பெக்ட்ரத்தைக் குறை சொல்லிக்கொண்டே போவது நியாயமல்ல. அதன் கெட்டிக்காரத்தனத்துக்கு ஓர் உதாரணம் பார்க்கலாம்.

சிறிய மோட்டார்களில் 6205 என்ற எண்ணுள்ள பேரிங் சர்வ சாதாரணம். உள் துவாரம் 25 மில்லி மீட்டர், வெளி விட்டம் 52 மில்லி மீட்டர், உள்ளே 9 குண்டுகள். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று, அதாவது வினாடிக்கு 24 சுற்று ஓடுவதாகக் கொள்வோம். வெளி வளையத்தில் ஒரு சிறு குழி விழுந்தால், குண்டுகள் அதன் மீது வினாடிக்கு 86 முறை தட்டும். உள் வளையத்தில் விழுந்தால் 130 முறை. இரண்டையும் கூட்டினால் 216. 9 குண்டையும் 24 சுற்றையும் பெருக்கினாலும் அதே 216!

ஸ்பெக்ட்ரத்தில் 86-ல் ஒரு கோடு, அதன் இரட்டிப்பான 172-ல் ஒரு கோடு, 258-ல் ஒரு கோடு என்று வரிசை கட்டி நின்றால் வெளி வளையம் போய்விட்டது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லலாம். அதே மோட்டாரின் அலைப்படத்தில் தண்டின் ஆட்டம், காற்றாடியின் அதிர்வு, பக்கத்து பம்ப்பின் உதறல் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். சந்தைக் கடையில் ஒருவர் குரலைத் தேடுவது போல ஆகிவிடும். ஸ்பெக்ட்ரம் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே நிறுத்திக் காட்டுகிறது.

சமநிலைக் கோளாறு, தண்டு நேர்க்கோட்டில் இல்லாமை, பேரிங் தேய்மானம் போன்று மாறாமல் திரும்பத் திரும்ப வரும் நோய்களுக்கு ஸ்பெக்ட்ரம்தான் சரியான வைத்தியர். அதில் சந்தேகமில்லை.

ஒரு பல்லில் விரிசல்

இப்போது ஒரு கியர் பெட்டிக்கு வருவோம். சிறிய சக்கரமான பினியனுக்கு 20 பற்கள். பெரிய சக்கரத்துக்கு 61 பற்கள். பினியன் வினாடிக்கு 24 முறை சுற்றுகிறது. பல்லோடு பல் கடிப்பது வினாடிக்கு 480 முறை.

எல்லாப் பற்களும் ஒரே சீராகத் தேய்ந்தால் 480-ல் உள்ள கோடு உயரும். ஸ்பெக்ட்ரம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் 20 பற்களில் ஒரே ஒரு பல்லின் வேரில் விரிசல் விட்டிருந்தால்? மற்ற 19 பற்கள் ஒழுங்காகக் கடிக்கின்றன. விரிசல் விட்ட பல் வரும்போது மட்டும் ஓர் அடி விழுகிறது. ஒரு சுற்றுக்கு ஓர் அடி. அது ஒரு மில்லி வினாடியில் முடிந்துபோகிறது. மீதி நேரமெல்லாம் அமைதி.

ஸ்பெக்ட்ரம் அந்த அடியைத் துண்டு துண்டாக்கி எல்லாக் கோடுகளுக்கும் பங்கு போட்டுவிடும். ஒவ்வொரு கோட்டுக்கும் கிள்ளுக்கீரை அளவுதான் கிடைக்கும். கணக்கு இது: புவி ஈர்ப்பைப் போல் 10 மடங்கு வலுவுள்ள, ஒரு மில்லி வினாடி நீடிக்கும் அடி, வினாடிக்கு 24 முறை விழுந்தால் ஸ்பெக்ட்ரத்தில் எந்த ஒரு கோடும் 0.3 மடங்கைத் தாண்டாது. தண்டு வினாடிக்கு 2 முறை மட்டும் சுற்றும் மெதுவான இயந்திரமானால் 0.03 மடங்கைக்கூடத் தொடாது! 10 எங்கே, 0.03 எங்கே? பதிவில் இருக்கும் சாதாரண இரைச்சலுக்குள் அது அமுங்கிவிடும்.

480-க்கு இரு பக்கமும் 456-லும் 504-லும் சிறு கோடுகள் முளைக்கும் என்பது உண்மை. அனுபவசாலி அதைக் கண்டுகொள்வார். ஆனால் அவை சக்கரம் சற்றே மையம் விலகி மாட்டப்பட்டிருந்தாலும் முளைக்கும். மையம் விலகிய சக்கரம் வருடக்கணக்கில் ஓடலாம். விரிசல் விட்ட பல் அடுத்த ஷிப்டில் உடையலாம். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் என்ன ஆகும்?

அலைப்படத்தைத் திறந்தால் பிரச்னை ஒரு பார்வையில் தீர்ந்தது. 41.7 மில்லி வினாடிக்கு ஒருமுறை ஈட்டி மாதிரி ஒரு முள் குத்திட்டு நிற்கும். அதுதான் பினியனின் ஒரு சுற்று நேரம். முட்கள் 127 மில்லி வினாடிக்கு ஒன்றாக நின்றால் கோளாறு பெரிய சக்கரத்தில். மையம் விலகிய சக்கரமோ முள்ளாகக் குத்தாது. அலை மெல்ல வீங்கி மெல்ல வற்றும். எந்தச் சக்கரத்துக்கு ஆர்டர் கொடுப்பது என்பதைப் பெட்டியைத் திறக்காமலே முடிவு செய்யலாம்.

தண்டு மெதுவாகச் சுற்றச் சுற்ற அலைப்படத்தின் மதிப்பு கூடுகிறது. சிமெண்ட் ஆலைச் சூளையின் தாங்கு உருளைகள், சர்க்கரை ஆலையின் கரும்பு உருளைகள், காகித ஆலை உருளைகள் இவையெல்லாம் இந்த வகை. நிமிடத்துக்கு 10 சுற்று ஓடும் உருளை ஒரு சுற்று முடிக்க 6 வினாடி ஆகும். கருவியோ வழக்கமான அமைப்பில் 0.4 வினாடிதான் பதிவு செய்கிறது. முழுச் சுற்றில் பதினைந்தில் ஒரு பங்கு! வீட்டின் ஒரு சுவரை மட்டும் பார்த்துவிட்டு "திருடன் இல்லை" என்று சொல்வதற்குச் சமம். பத்து சுற்றாவது பிடிக்க ஒரு முழு நிமிடம் காத்திருக்க வேண்டும். நூறு இயந்திரங்களை ஒரே நாளில் முடிக்கச் சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டு வாங்குவது எளிதல்ல என்பது தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு குரல், ஒரு கோடு

இன்னொரு ஏமாற்று வித்தை மின்சார மோட்டாரில் உண்டு.

சில மோட்டார்கள் நிமிடத்துக்கு 2,970 சுற்று ஓடுபவை. வினாடிக்கு 49.5 சுற்று. தண்டு நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் அதன் இரட்டிப்பான 99 ஹெர்ட்ஸில் அதிர்வு வரும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் மின் பகுதியில் கோளாறு என்றால் 100 ஹெர்ட்ஸில் அதிர்வு வரும். 99-ம் 100-ம் பக்கத்துப் பக்கத்து வீடுகள். 1,000 ஹெர்ட்ஸ் வரை 400 கோடுகள் போடும் வழக்கமான ஸ்பெக்ட்ரத்தில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 2.5 ஹெர்ட்ஸ் இடைவெளி. ஆக இருவரும் ஒரே கோட்டுக்குள் அடைபட்டுப் போகிறார்கள்.

இந்த இடத்தில் இளம் பொறியாளருக்கும் மூத்த பிட்டருக்கும் இடையே இப்படி ஒரு பேச்சு நடப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம்.

"அண்ணாச்சி, 100 ஹெர்ட்ஸில பெரிய கோடு நிக்குது. கப்ளிங்கைக் கழட்டி அலைன்மெண்ட் பார்த்திடலாமா?"

"கொஞ்சம் பொறுங்க தம்பி. சத்தத்தைக் கேளுங்க. 'வூம்'னு கூடுது, குறையுது, மறுபடி கூடுது. ஒரே ஆளு கத்துனா இப்படி வராது. ரெண்டு பேரு சேர்ந்து கத்துறான்."

அண்ணாச்சி சொன்னதை அலைப்படம் வரைந்து காட்டும், சில வினாடிகள் நீளமாகப் பதிவு செய்தால்! அலை வினாடிக்கு ஒரு முறை வீங்கி ஒரு முறை வற்றும். 100-லிருந்து 99 போனால் மீதி 1. அந்த வித்தியாசம்தான் வினாடிக்கு ஒரு வீக்கமாகத் தெரிகிறது. அதைக் கண்ட பிறகு ஸ்பெக்ட்ரத்தை 8 வினாடிப் பதிவுடன் நெருக்கமான கோடுகளாக மறுபடி எடுத்தால் இருவரும் தனித்தனியாக நிற்பார்கள். இன்னும் சுலபமான வழி, ஸ்விட்சை அணைப்பது. மின்சாரம் போன கணமே 100 ஹெர்ட்ஸ் மறைந்துவிடும். தண்டின் அதிர்வு மட்டும் சுற்று குறையக் குறைய மெல்ல அடங்கும்.

கப்ளிங்கைக் கழற்றி, ஷிம் வைத்து, டயல் வைத்து, மறுபடி பூட்டி ஓட்டிய பிறகும் அதே அதிர்வு இருந்தால், நட்டம் கம்பெனிக்கு மட்டுமல்ல. ஒரு ஷிப்ட் முழுக்க முழங்காலில் உட்கார்ந்து வேலை செய்தவருக்குக் கெட்ட பெயர் கிடைக்கிறது. நோய் ஒன்று, மருந்து வேறு என்பதை அந்த ஆளிடம் யாரும் சொல்வதில்லை.

எப்போது வந்தது என்பதை மறந்துவிடும் படம்

ஸ்பெக்ட்ரத்தின் இந்தப் பலவீனத்துக்குக் காரணம் என்ன? ஒவ்வொரு அலையும் எவ்வளவு பெரியது என்பதை அது எழுதி வைக்கிறது. எப்போது உச்சிக்கு வந்தது என்பதைத் திரையில் காட்டுவதில்லை. பல அலைகள் ஒரே கணத்தில் உச்சிக்கு வந்தால் பெரிய அடியாகிறது. வெவ்வேறு கணங்களில் வந்தால் வெறும் இரைச்சலாகிறது. கோடுகளின் உயரமோ இரண்டிலும் ஒன்றே!

ஒரு பம்ப்பில் உறிஞ்சும் பக்கம் தண்ணீர் போதாமல் குமிழி வெடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெக்ட்ரத்தின் அடித்தளம் பரவலாக உயர்ந்திருக்கும். பேரிங்கில் எண்ணெய் வற்றி ஒழுங்கில்லாமல் அடிகள் விழுந்தாலும் அதே போல உயரலாம். அலைப்படத்தில் முதலாவது இடைவிடாத சீறல். இரண்டாவது தனித்தனி முட்கள். முதலாவதற்கு வால்வைத் திறக்க வேண்டும். இரண்டாவதற்கு கிரீஸ் வைக்க வேண்டும்.

முட்களின் கூர்மையை அளக்க ஒரு விகிதமும் உண்டு. அலையின் உச்சத்தை அதன் ஆர்.எம்.எஸ். சராசரியால் வகுப்பது. சீரான அலைக்கு இது 1.41. நல்ல பேரிங்கில் 3 அளவில் இருக்கும். புதிதாகக் குழி விழுந்தால் சட்டென்று ஏறும். ஆனால் இதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு! குழிகள் பெருகி பேரிங் முழுவதும் கெட்டுவிட்டால் சராசரியும் உயர்ந்து, விகிதம் பழையபடி இறங்கிவிடும். "குணமாகிவிட்டது" என்று மகிழ்ந்தால் போச்சு.

அலைப்படம் செய்யும் இன்னொரு உபகாரம் உணரியையே சோதிப்பது. ஸ்பெக்ட்ரத்தின் இடது ஓரத்தில் சறுக்குமரம் மாதிரி பெரிய சரிவு தெரிந்தால், இயந்திரத்தில் பயங்கரக் கோளாறு என்று பதறத் தேவையில்லை. அலைப்படத்தைப் பார்த்தால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டிருக்கும், அல்லது படமே ஒரு பக்கமாகச் சரிந்து போய்க்கொண்டிருக்கும். பெரும்பாலும் காந்தம் சரியாக ஒட்டவில்லை. அல்லது உணரி தாங்கும் அளவுக்கு மேல் அடி வாங்கிவிட்டது. கெட்ட பதிவிலிருந்து அழகான ஸ்பெக்ட்ரம் வரும். கருவி வெட்கப்படாது.

ரயிலடியில் இரண்டு வகைக் காது

ரயில்வேயில் இந்த இரண்டு வகைச் சோதனையும் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே உண்டு. சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, 'கணீர்' என்று ஒலிக்கிறதா அல்லது உடைந்த பானை மாதிரி ஒலிக்கிறதா என்று கேட்பது ஒன்று. அது ஸ்பெக்ட்ரம் பார்க்கும் காது. வண்டி ஸ்டேஷனுக்குள் நுழையும்போது தண்டவாளத்தின் ஓரம் நின்று, 'தடக் தடக்' என்று தாளம் போடும் சக்கரம் எது என்று பிடிப்பது மற்றொன்று. அது அலைப்படம் பார்க்கும் காது.

பிரேக் இறுகிப் பிடித்துச் சக்கரம் சுற்றாமல் இழுபட்டால் அதன் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிடும். புதுப் பெட்டிச் சக்கரத்தின் விட்டம் 915 மில்லி மீட்டர். மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் அந்தத் தட்டை, வினாடிக்கு ஏறக்குறைய 10 முறை தண்டவாளத்தை அறையும். குளிர் காலத்தில், ஏற்கனவே இழுவிசையில் இருக்கும் தண்டவாளம் இப்படிப்பட்ட அடிகளால் உடைவது உண்டு.

இதைப் பிடிக்க 'வைல்டு' என்ற ஏற்பாட்டை லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி அமைப்பும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் உருவாக்கின. தண்டவாளத்திலேயே உணரிகள் பதிக்கப்பட்டிருக்கும். வண்டி கடந்து போகப் போக ஒவ்வொரு சக்கரமும் இறக்கும் சுமை பதிவாகிறது. அந்தச் சக்கரத்தின் உச்ச அடியை அதன் சராசரிச் சுமையோடு ஒப்பிடுகிறார்கள். விகிதம் எல்லை மீறினால் தகவல் பறக்கிறது. கவனிக்க வேண்டியது, இங்கே நம்பப்படுவது நேரத்தோடு ஓடும் அலைப்படத்தின் உச்சம்.

புதிய உணரி, பழைய தவறு

அண்மைக் காலத்தில் கம்பியில்லாத சிறு உணரிகள் தொழிற்சாலைகளுக்கு வந்திருக்கின்றன. பேட்டரியில் ஓடுபவை. ஒட்டிவிட்டு வந்துவிட்டால் செல்போனிலேயே அளவு தெரியும். நல்ல வசதிதான், கொதிக்கும் குழாய்களுக்கு நடுவே ஏறி இறங்கும் ஆபத்து குறைகிறது. ஆனால் பேட்டரியை மிச்சப்படுத்த இவற்றில் பல, ஒற்றை எண்ணையோ சுருக்கிய ஸ்பெக்ட்ரத்தையோதான் அனுப்புகின்றன. அலைப்படத்தை அங்கேயே அழித்துவிடுகின்றன.

அந்த ஒற்றை எண்ணுக்கு ஐ.எஸ்.ஓ. 20816 என்ற உலகத் தரநூல் எல்லைகள் வகுத்திருக்கிறது. ஏ, பி, சி, டி என்று நான்கு படிகள். 'டி' என்றால் இயந்திரம் சேதப்படும் நிலை. விரிசல் விட்ட ஒற்றைப் பல், 'ஏ' படியிலேயே உட்கார்ந்திருக்க முடியும் என்பதுதான் கவலை. உணரி வாங்கும்போது, "அலைப்படம் முழுதாகக் கிடைக்குமா? எத்தனை வினாடி?" என்று இரண்டு கேள்விகள் கேட்டால் விற்பவர் தடுமாறுவதைப் பார்க்கலாம்.

இந்தத் தொழிலுக்கு ஆள் தேவை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 18436 தரநூலின் இரண்டாம் பகுதி அதிர்வு ஆய்வாளர்களை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலைக்கு 6 மாத அனுபவம், இரண்டாம் நிலைக்கு 18 மாதம், மூன்றாவதற்கு 3 ஆண்டு, நான்காவதற்கு 5 ஆண்டு என்று கேட்கிறது. பயிற்சியும் தேர்வும் தனி. கீழ் நிலைகளுக்குப் பட்டம் கட்டாயமில்லை. எளிய அல்ஜீப்ராவும் கால்குலேட்டர் பழக்கமும் இருந்தால் வகுப்பில் உட்காரலாம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பேரிங் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு எட்டாத உயரம் அல்ல. வகுப்பில் ஸ்பெக்ட்ரத்துக்கு எத்தனை நாள், அலைப்படத்துக்கு எத்தனை நாள் என்று பணம் கட்டும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.